ரோசலின் அக்காவின் ஆறாவது குவே

ரோசலின் அக்கா காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. சனிக்கிழமை காலை. குனோங் ராபாட் சந்தியில் சிவப்பு விளக்குக்காகக் காடியை நிறுத்தியிருந்தேன். கைப்பேசியில் அவர் பெயர் மின்னியது. "ரோசலின் இன்று காலை எட்டு மணிக்கு மாரடைப்பால் இறந்துவிட்டார். அடக்கம் திங்கட்கிழமை, சுங்கை சிப்புட்." அவருடைய தம்பி ஜோசப், அக்காவின் கைப்பேசியை எடுத்து, அதிலிருந்த எல்லா எண்களுக்கும் அனுப்பியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நிமிடம் தோன்றியது வேறு. இந்த அறிக்கை ரோசலின் அக்காவின் கைக்குப் போயிருந்தால், எட்டு மணி என்று பார்த்தது யார், எந்தக் கடிகாரத்தில், கையொப்பம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்ற லோரிக்காரர் எனக்கு ஆறுதல் சொல்லும் மனநிலையில் இல்லை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவாலயத்தில் அவரோடு பாடியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஈப்போவில் எங்களோடு வேலை செய்தவர்கள். உங்களில் பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது கடைசிவரை தெரியாது. கேட்டவர்களிடம் அவர், "சதை செய்றேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது ஓர் அஞ்சலிதான் என்றாலும், இதை எழுதும் என் மனத்தில் துக்கத்தைவிட நிம்மதி ஒரு பங்கு கூடுதலாக இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அவர் சொன்னது பொய்யில்லை. இருட்டில் டார்ச்லைட்டை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். எல்லோரும் சின்ன வயதில் செய்து பார்த்ததுதான். ஒளி சதைக்குள் கொஞ்சதூரம் போகும், சிதறும், மிச்சம் வெளியே வரும். அப்படி வருவதை அளந்து, மார்பகத்துக்குள் கட்டி இருக்கிறதா என்று சொல்லும் ஒரு கருவியை எங்கள் சிறிய நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணை நேரே உட்கார வைக்க முடியாது. முதலில் ஒரு போலிச் சதை வேண்டும். உண்மையான சதை ஒளியை எவ்வளவு விழுங்குமோ அவ்வளவு விழுங்கி, எவ்வளவு சிதறடிக்குமோ அவ்வளவு சிதறடிக்கும் ஒரு கட்டை. அதைச் செய்தவர் ரோசலின் அக்கா. சிதறலுக்குப் பெயிண்டில் போடும் வெள்ளைப் பொடி, விழுங்குவதற்குக் கரும்பொடி, இரண்டையும் பிடித்து வைக்கச் சிலிக்கோன். நடுவில் எங்காவது ஒரு பட்டாணி அளவுக்குக் கறுப்பான போலிக் கட்டி. பொறியாளர்கள் இதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அக்கா அதைக் 'குவே' என்றார், கடையில் விற்கும் பலகாரத்தைச் சொல்வதுபோல. "இன்னிக்கு ரெண்டு குவே ஊத்தணும்" என்பார். அலுவலகம் முழுக்க அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பேசிய ஒரு பெரியவர், ரோசலின் இந்தத் திறமையைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று கண்ணீர் மல்கச் சொன்னார். கேட்க அழகாக இருந்தது. அதைக் குறித்து முன்பே ஒரு பத்திரிகைக்காரர் அக்காவிடம் கேட்டிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா சொன்ன பதில் இது: "எங்கம்மா பால்மரம் வெட்டுனாங்க. நான் அந்தப் பக்கமே போகல, கொசு கடிக்கும். நான் இருபத்து ரெண்டு வருசம் பல் செட் செஞ்சேன் லா. அத எழுதுங்க." பத்திரிகைக்காரர் அதை எழுதவில்லை. பல் செட்டில் கவிதை இல்லை என்று நினைத்திருப்பார். உண்மையில் இருந்தது. ஒரு கிழவருக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லின் நிறத்தோடு புதிதாகச் செய்யும் பத்துப் பல்லின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அவர் சிரிப்பதை நிறுத்திவிடுவார். அந்தக் கண்ணோடுதான் அக்கா எங்களிடம் வந்தார்.

வந்த முதல் வாரமே அந்தக் கண் வேலை செய்தது. வெளிநாட்டிலிருந்து வந்த செய்முறைப்படி நாங்கள் ஊற்றி வைத்திருந்த கட்டைகள் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தன. அக்கா ஒன்றை எடுத்தார். தன் முழங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு கருவியைச் செய்த பொறியாளர் குணசீலனிடம் திரும்பினார்.

"குணா, இது யாரு தோலு?"

"ஸ்டாண்டர்ட் லா அக்கா."

"ஸ்டாண்டர்ட் எந்த ஊரு? ஈப்போல அவங்களப் பார்த்தா சொல்லு, ஒரு டீ வாங்கித் தரேன்."

மறுநாள் எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு வரிசை நின்றது. கணக்கர், காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா, முதலாளி திரு. யாப் உட்பட எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கையை நீட்டினார்கள். அக்கா பார்த்துப் பார்த்து மேல்தோல் படலங்கள் கலக்கினார். அவற்றுக்கு எண் போட வேண்டும் என்றேன். ஆவணங்களைப் பராமரிப்பது என் வேலை. எண் ஞாபகம் இருக்காது என்று சொல்லிக் கடைப் பானங்களின் பெயரை வைத்தார்: வெளிறிய பார்லி, பால் கலந்த தே தாரேக், பாலே இல்லாத கோப்பி ஓ. தணிக்கைக்கு வந்த ஓர் அம்மையார், "மேல்தோல் வகை: கோப்பி ஓ" என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவருக்கு ஒரு கோப்பி ஓ வரவழைத்துக் கட்டையின் பக்கத்தில் வைத்தேன். மேற்கொண்டு கேள்வி வரவில்லை. இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. ரோஜா நிறத்தில் தேர்ச்சி பெற்றிருந்த எங்கள் கருவி, கோப்பி ஓ படலத்தின் கீழே இருந்த கட்டியைக் காணவே இல்லை. தோல் விழுங்கிய ஒளியை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குணா ஒன்றரை வருடம் திருத்தினான். சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் அந்தக் கருவி நாளை பொய் சொல்லாது என்றால், அதற்குச் சட்டைக் கையை மடித்துவிட்ட அந்த வரிசைதான் காரணம்.

சிலிக்கோனுக்கு மாறுவதற்கு முன் நாங்கள் அகார்-அகாரில், அதாவது கடற்பாசி ஜெல்லியில், கட்டைகள் செய்தோம். மலிவு, சீக்கிரம் உறையும். ஒரு டிசம்பரில் ஆய்வகக் குளிர்பெட்டி பழுதாகிவிட, நான்கு கட்டைகள் சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டிக்குப் போயின. மேலே பால் வெள்ளை, கீழே தே தாரேக் நிறம், நடுவில் கறுப்பாக ஒரு பட்டாணி. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் நம் வீடுகளில் செய்யும் தேங்காய்ப்பால் அகார்-அகாருக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. அக்கா கிறிஸ்மஸ் விடுமுறையில் இருந்தார். பார்வையிட வந்த ஓர் அதிகாரிக்கு, அக்கா எல்லோருக்கும் வைத்துவிட்டுப் போன பலகாரம் என்று எண்ணி எங்கள் கணக்கர் இரண்டை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தார். அதிகாரி முழுவதையும் சாப்பிட்டார். "சீனி கம்மி. உடம்புக்கு நல்லது" என்று பாராட்டினார்.

விடுமுறை முடிந்து வந்த அக்கா குளிர்பெட்டியைத் திறந்தார். "நாலு இருந்துச்சே?"

கணக்கர் விஷயத்தைச் சொன்னார்.

"கட்டியையும் சேத்துச் சாப்ட்டாரா?"

"அவரு அத கடலைன்னு நெனச்சிட்டாரு அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. நேரே கலவைப் புத்தகத்தை எடுத்து அதில் போட்டவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். அகார், கொழுப்புக் கரைசல், துளி மை. பிறகு அந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், மூன்று நாள் காலையில் கூப்பிட்டு நலம் விசாரித்தார். அவர் நலமாகவே இருந்தார். மூன்றாம் நாள் தொலைபேசியை வைத்த பிறகுதான் அக்கா சிரித்தார். சிரிப்பு என்றால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் சிரிப்பு. காணாமற்போன மாதிரிகளைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். "உள்ளதை எழுதுங்க தம்பி. பயன்படுத்தப்பட்டு முடிஞ்சதுன்னு." அப்படியே எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் அதைவிடத் துல்லியமான வரி கிடையாது.

கருவி ஒழுங்காகி வந்தபோது, அதை ஒரு மருத்துவமனைக் குழுவிடம் காட்டுவதற்கு முன் ஆறு கட்டைகளில் சோதிப்பது என்று முடிவாயிற்று. அந்தச் சோதனைக்கான முறையை வகுத்தவர் அக்கா. கட்டையை அவர் தனியாக ஊற்றுவார். கட்டி எங்கே, எந்த அளவில், எவ்வளவு ஆழத்தில் என்று ஒரு கட்டம் போட்ட தாளில் குறிப்பார். தாளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையொப்பமிடுவார். உறை என் இரும்பு அலமாரிக்கு வரும், கட்டை குணாவிடம் போகும். குணா கருவியால் பார்த்துத் தன் விடையை எழுதிக் கையொப்பமிட்டு என்னிடம் தருவான். அதன்பிறகே மூன்று பேரும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பசியாறிவிட்டு, வெண்ணெய் தடவும் கத்தியால் உறையைப் பிரிப்போம். அக்கா எப்போதும் ரொட்டி கோசோங்தான் சாப்பிடுவார், உள்ளே முட்டையோ வெங்காயமோ எதுவும் வைக்காத வெறும் ரொட்டி. ஐந்து கட்டைகள் இப்படி முடிந்தன. மூன்றாவதில் கட்டி மிக ஆழத்தில் இருந்ததால் குணா தவறவிட்டான். மற்ற நான்கிலும் சரியான இடத்தைச் சொன்னான். ஆறாவது உறையை அக்கா ஒரு புதன்கிழமை என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அவர் இல்லை.

குணாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டியவன். தலைமுடியில் பாதியைக் கருவிக்குக் கொடுத்தவன். அவன் தாயார் இவ்வகைக் கட்டியைக் காலம் தாழ்த்திக் கண்டுபிடித்ததால் போனவர். இதை அவன் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதில்லை. ஆறாவது கட்டையில் தவறினால் மருத்துவமனைக் குழு கருவியை ஏற்காது. ஏற்காவிட்டால் கருவி துணி போட்டு மூடப்படும். திரு. யாப் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அதை அவர் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஜோசப்பின் வீட்டுக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் எட்டிப்பார்த்தேன். குணா கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அழுதிருக்கிறான்.

"அண்ணே, ஒண்ணும் தெரியல."

அக்காவைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்துத் தோளில் கை வைத்தேன்.

"கட்டைல அண்ணே. புதன்கிழமைலேர்ந்து பாக்குறேன். எட்டுப் பக்கமும் பாத்துட்டேன். கட்டியே தெரிய மாட்டேங்குது."

திரையைக் காட்டினான். சீரான சாம்பல் நிறம். பிறகு ஒரு குமிழைத் திருகினான். கருவியின் உணர்திறனைக் கூட்டும் குமிழ். கூட்டக் கூட்டச் சாம்பல் புள்ளிபுள்ளியாகி, இடப்பக்கம் கீழே ஒரு நிழல் திரண்டது.

"இவ்வளவு ஏத்துனா இது வருது. பாஸ் பாத்துட்டாரு. இதான் கட்டி, இதயே எழுதுன்னு சொல்றாரு. அஞ்சு கட்டைல இருந்துச்சு, ஆறாவதுல எப்படி இல்லாம போகும்னு கேக்குறாரு. கேள்வி நியாயம்தானே?" என்னைப் பார்த்தான். "அண்ணே, அக்கா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல."

அது உண்மை. ஆறாவது கட்டையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. எங்களிடம் சேர்வதற்கு முன், ஒருமுறை வழக்கமான மார்பகப் பரிசோதனைக்குப் போன அக்காவை மருத்துவமனை திரும்பக் கூப்பிட்டது. படத்தில் நிழல்போல ஏதோ தெரிகிறது, ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு வர பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் அவர் ஜோசப்பைக் கூப்பிட்டுத் தன் நகைகளைப் பிரித்துக் கொடுத்தார், தேவாலயத்தில் தன் அடக்கத்துக்குப் பாட வேண்டிய பாட்டையும் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் இல்லை என்றார்கள். "பதினோரு நாள் நான் செத்துப்போய்த்தான் இருந்தேன் தம்பி," என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். "இருக்குன்னு சொல்றது மெஷினுக்கு ஈசி லா. இல்லாததை இல்லன்னு சொல்லத் தெரியணும்."

நகைகளைத் திருப்பிக் கேட்கவில்லை. பாட்டு மட்டும் ஜோசப்பிடம் இருந்தது. திங்கட்கிழமை அதையே பாடினார்கள்.

இதைக் குணாவிடம் சொல்லலாமா? சொன்னால் அது ஒரு குறிப்பு. அக்கா கட்டிய முறையை அக்கா போன அன்றே நான் உடைத்ததாகிவிடும். குறிப்பு தவறாகவும் இருக்கலாம். அவர் மூன்றாவது கட்டையில் செய்ததுபோலக் கட்டியை இன்னும் ஆழத்தில் புதைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டால், குணா நிழலை எழுதி மாட்டிக்கொள்ளலாம். நான் வாயை மூடிக்கொண்டு, "வா, சுங்கை சிப்புட் போலாம்" என்றேன். ஆவணக் காப்பாளர்களின் வீரம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும்.

திங்கட்கிழமை அடக்கத்தில் திரு. யாப்பும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் என்னை ஒதுக்கி அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை குழு வருகிறது, மூன்று பேர் கூடித்தான் உறையைப் பிரிக்க வேண்டும் என்ற விதியில் ஒருவர் இப்போது இல்லை, ஆகவே விதியும் இல்லை, சாவியைக் கொடு, இன்றே பார்த்துவிடுவோம் என்று மெதுவான குரலில் விளக்கினார். நான் அவரிடம், அந்த விதியில் 'செய்தவர் உயிரோடிருக்க வேண்டும்' என்று எங்கும் எழுதவில்லை, குணா விடையைக் கொடுத்த பிறகு பிரிக்கலாம் என்றேன். அவர் கல்லறையை ஒரு பார்வை பார்த்தார். "She would say the same," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

குணா அங்கேயே நின்றிருந்தான். அன்று காலை தேவாலயத்தில், கடைசியாக முகம் பார்க்கும் வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றவன். பெட்டிக்குள் அக்காவின் கை தெரிந்தது. தே தாரேக் படலத்துக்கு மாதிரியாக இருந்த கை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நகராமல் நின்றான், பின்னால் இருந்தவர்கள் கனைத்தார்கள். இப்போது என்னிடம் வந்து, "அண்ணே, அக்கா எத்தன கட்டைய தூக்கிப் போட்டிருக்காங்க, ஞாபகம் இருக்கா?" என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. கட்டை உறைந்ததும் அக்கா அதைச் சன்னலில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை அளவுக்குக் காற்றுக்குமிழி ஒன்று தெரிந்தாலும் குப்பைக்கூடைதான். ஒரு நாள் உழைப்பு போகிறதே என்று நாங்கள் கெஞ்சுவோம். "காத்தும் கட்டி மாதிரிதான் தெரியும். மெஷினப் பொய் சொல்ல வெச்சது நாமளா இருக்கக் கூடாது" என்பார்.

"அவ்ளோ பாத்துச் செஞ்ச கட்டைல, நான் குமிழைத் திருகி ஒரு நிழலை வரவழைச்சு, அத அவங்க பேர்ல எழுதணுமா?" என்றான் குணா.

நான் காடியை நோக்கி நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் கட்டையை மறுபடி எட்டுப் பக்கமும் பார்த்தான், உணர்திறனை முதல் ஐந்து கட்டைகளுக்கு வைத்த அதே அளவில் வைத்து. பிறகு விடைத்தாளை என் மேசையில் வைத்தான். இடம்: இல்லை. அளவு: இல்லை. ஆழம்: இல்லை. கீழே கையொப்பம்.

"தப்பா இருந்தா நான்தான் தப்பு அண்ணே. மெஷினைத் திட்டாதீங்க."

சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். திரு. யாப் நிற்பதையே விரும்பினார். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, அக்காவின் பொருள்களை எடுத்துப்போக ஜோசப் வந்தார். ஒரு கோப்பை, ஓர் ஏப்ரன், செருப்பு. மூன்று பேர் வேண்டும் என்பது முறை, நீங்கள் உங்கள் அக்கா இடத்தில் உட்காருங்கள் என்றேன். அவர் சாப்பிடக் கூப்பிட்டதுபோலத் தயக்கமில்லாமல் உட்கார்ந்தார். ஆளுக்கொரு ரொட்டி வந்தது. நான் மட்டும் சாப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

கத்தியை ஜோசப்பிடம் கொடுத்தேன். அவர் அக்காவின் கையொப்பத்தின்மேல் கத்தி படாமல், ஓரமாக, மிக மெதுவாகக் கீறினார். தாளை எடுத்து விரித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"கட்டம் போட்டிருக்கு," என்றார். "உள்ள ஒண்ணும் காணோம்."

"பின்னால பாருங்க," என்றார் திரு. யாப் மலாயில்.

திருப்பினார். "பின்னாலயும் ஒண்ணும் இல்ல." மறுபடி முன்பக்கம். "கீழ எழுதியிருக்கு. கோசோங்னு. அப்புறம்…" கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "'எதுவும் வைக்கவில்லை. இல்லை என்று எழுதியிருந்தால் குணாவுக்கு இன்னிக்கு ரெண்டு ரொட்டி.' அவ்வளவுதான்."

குணா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. திரு. யாப் நாற்காலி ஒன்றை இழுத்து, முதல்முறையாக உட்கார்ந்தார். பிறகு தன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துக் குணாவின் தட்டில் வைத்தார். நான் தேநீர்க் குவளைக்குள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

ஜோசப் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒண்ணும் இல்லன்னுதானே எழுதியிருக்கு? ஏன் எல்லாரும் அழுவுறீங்க?"

தாளை மறுபடி கண்ணுக்கருகே கொண்டுபோனார்.

"எங்கக்கா ஒரு நாள் பூரா உக்காந்து, உள்ள ஒண்ணுமே இல்லாத ஒண்ணச் செஞ்சாங்களா?"

"ஆமாண்ணே," என்றான் குணா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதான் ரொம்ப கஷ்டம். ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது."

ஜோசப் கட்டையைக் கையில் வாங்கினார். சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. "அப்ப சரி," என்றார். ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது, ஆறு விடைகளையும் ஆறு தாள்களையும் பார்த்தது. தவறவிட்ட மூன்றாவதைப் பற்றி நிறையக் கேட்டது. ஆறாவதைப் பார்த்ததும் குழுத் தலைவி, இதைச் செய்தவரைச் சந்திக்க வேண்டும் என்றார். சொன்னோம். தாளை மறுபடி பார்த்துவிட்டு, முந்தைய எந்த நிறுவனமும் தங்களுக்கு ஒரு வெறும் கட்டையைக் காட்டியதில்லை என்றார். மருத்துவமனைச் சோதனைக்கு அனுமதி வந்திருக்கிறது. அதில் இன்னும் என்னென்ன தவறும் என்று எனக்குத் தெரியாது. நான் ஆவணங்களை மட்டும் பார்ப்பவன். ஆனால் எங்கள் கருவிக்கு இல்லை என்று சொல்லத் தெரியும் என்பது தெரியும். எங்கோ ஒரு பெண்ணின் பதினோரு நாள் மிச்சமாகும்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். நல்ல சொற்கள் பல சொன்னார், அவற்றில் பாதி ஞாபகம் இருக்கிறது. ஜோசப் கோப்பையை எடுத்துக்கொண்டார். ஏப்ரன் குணாவிடம் இருக்கிறது, அவன் மறுக்கிறான். நான் பதிவேட்டைத் திறந்து, 'மாதிரி எண் ஆறு: பயன்படுத்தப்பட்டு முடிந்தது' என்று எழுதித் திரு. யாப்பிடம் நீட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார், என் பையைப் பார்த்தார், கையொப்பமிட்டார்.

இப்போது அது குனோங் ராபாட்டில் என் வீட்டில், நான் எழுதும் மேசையின்மேல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கட்டை, தே தாரேக் நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்கிறேன். பலருக்கு முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது, கீழே வைத்துவிடுகிறார்கள். சென்ற வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். அன்று காலைதான் மருத்துவமனையில் மார்பகப் பரிசோதனையின் முடிவை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். அவர் மட்டும் அதைக் கீழே வைக்கவில்லை. தேநீர் குடித்து முடிக்கும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.